மெட்டில்டாவின் வெள்ளை மேஜை

காலையிலிருந்து நின்று நின்று மெட்டில்டா டீச்சரின் கணுக்கால் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டன. உட்காரலாமென்றால் மனசு விடவில்லை. தாம்பரத்தில் அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து ஹாலில்தான் சாயங்காலம் தங்கை தபீதாளுக்கு ரிசப்ஷன். மிட்டாய் மேஜையோ இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் எந்தக் கல்யாணமானாலும் மிட்டாய் மேஜை மெட்டில்டா கையால்தான். சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் தலைமையாசிரியை விட்டுச்சென்ற பழைய பத்திரிகையில் இப்படி மிட்டாயால் ஜோடித்த மேஜையின் படம் ஒன்றைப் பார்த்தாள். மற்றதெல்லாம் தானே கற்றுக்கொண்டது. மாப்பிள்ளை ரயில்வே என்றால் மேஜைமேல் பர்பியில் ரயில் ஓடும். பெண் நர்ஸ் என்றால் பெப்பர்மிண்டில் கட்டில் போட்டுத் தலையணையும் வைப்பாள். யாரையும் கைவைக்க விடமாட்டாள்.

தங்கைக்கென்று ரொம்ப நாளாக மனசில் ஒன்றை வைத்திருந்தாள், வெள்ளைக் கோயில். தேங்காய் பர்பியில் சுவர், கல்கண்டில் கூரை, பெப்பர்மிண்டில் நடைபாதை, சுற்றிலும் சீனி பூசிய சீரக மிட்டாய். வெள்ளையைத் தவிர மருந்துக்குக்கூட வேறு நிறம் கூடாது.

பாருங்கள், கோயில் என்று அமைந்தது மேஜைமேல் இருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை பாலகுரு கோவளத்து இந்து மீனவர் வீட்டுப் பையன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சபையில் தாலி கட்ட வழியில்லை. காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு மாலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தாயில்லாத பாலகுருவை வளர்த்தவள் அவன் அத்தை பொன்னி. கேளம்பாக்கத்துச் சந்தையில் மீன் விற்பவள். கையெழுத்துக்கு அவள் வரவில்லை. சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "சாயங்காலம் வரேன். மனசு ஒப்புச்சின்னா அவங்க வூட்டு இனிப்ப வாய்ல போட்டுக்கறேன். ஒப்பலன்னா அப்டியே திரும்பிடுவேன். அப்பால என்னத் தேடிகினு வராதே."

அவர்கள் வழக்கம் அது. சம்பந்தி வீட்டு இனிப்பு வாயில் பட்டால் உறவு, படாவிட்டால் ஒன்றுமில்லை. மத்தியானம் இதை வந்து சொன்ன பாலகுருவின் முகத்தில் ஈயாடவில்லை. "அத்தே ஒரே ஒரு மிட்டாய் துன்னுட்டா போதும்க்கா" என்றான். கையில் ஒரு தகர டப்பா. "இது அத்தே குடுத்தனுப்பிச்சிது. மேஜைல வெக்கச் சொல்லிச்சி."

மெட்டில்டா அப்போது ஸ்டூல் மேல் நின்று கோபுரத்துக்குப் பாகு தடவிக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்தால் ஆரஞ்சு மிட்டாய், அந்த நிறத்தில் கண்ணே கூசியது. 'பந்தியில் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஆயிற்று' என்று மூடி, மேஜைக்கடியில் தள்ளி, விரிப்பை இழுத்துவிட்டாள்.

கூட வேலை செய்யும் ஞானசௌந்தரி டீச்சர் பூச்சாடியோடு வந்து நின்று பார்த்தாள். "ஏண்டி, அப்படியே உன்னையும் பாகுல முக்கி மேஜைமேல உக்கார வெச்சிடட்டுமா? பாதி வெளுத்துத்தான் போயிருக்கே."

"வெச்சிடு. உக்காரவாவது செய்வேன்" என்றாள் மெட்டில்டா.

விருந்தாளிகளுக்கு முன்பே பொன்னி வந்துவிட்டாள். அரக்குச் சேலை, கொண்டை நிறையக் கனகாம்பரம், பின்னால் சொந்தக்காரப் பெண்கள் இரண்டுபேர். தபீதாள் எழுந்து கைகூப்பினாள். பொன்னி அவளைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கல்யாணம்னு கூப்ட்டு கருமாதிக்கு இஸ்துகினு வந்துட்டீங்களா?"

"வெள்ளைன்னா எங்களுக்குப் பரிசுத்தம்ங்க" என்று ஞானசௌந்தரி விறைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். நான் குடுத்தனுப்புன டப்பா எங்க?"

பாலகுரு மெட்டில்டாவைப் பார்த்தான். உள்ளே பத்திரமாக இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய்யைக் கட்டி நிறுத்தவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அது அவளிடம் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, விரிப்பைத் தூக்கி, டப்பாவை வெளியே இழுத்தாள்.

"நிறம் சேரலைன்னு நான்தான் தள்ளி வெச்சேன்க்கா."

"எது சேரல? முட்டாயா, நாங்களா?"

பொன்னி வாசல் பக்கம் திரும்பினாள்.

மெட்டில்டா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அக்கா, என்னால இனிமே நிக்க முடியாது. இந்த மேஜையில நான் யாரையும் தொட விட்டதில்ல. நீங்க தொடுங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி வைங்க. தபீதாளும் நான் வளத்த பொண்ணுதான்."

பொன்னி நின்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வீங்கிய கால்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"டப்பாவ இப்டி குடு."

முதலில் கோபுரம் போயிற்று. "ஐயையோ!" என்றாள் ஞானசௌந்தரி. பொன்னி காதில் வாங்கவில்லை. சந்தையில் மீனைக் கூறு கட்டுகிற கை அது, யோசிக்காமல் வேலை செய்தது. சுவரிலிருந்து ஒரு துண்டு பர்பி, கூரையிலிருந்து ரெண்டு கல்கண்டு, ஒரு பிடி சீரக மிட்டாய், உச்சியில் ஓர் ஆரஞ்சு மிட்டாய். கூறு கூறாக மேஜை நிறைந்தது.

கோயில் இருந்த இடம் தெரியவில்லை. நெஞ்சு பதறும் என்றுதான் மெட்டில்டா காத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது.

"அத்தே, ஒண்ணு வாய்ல…" என்று பாலகுரு மெல்ல ஆரம்பித்தான்.

"இருடா. கூறு கட்டசொல்ல துன்னா யாவாரம் உருப்படுமா?"

கடைசிக் கூறையும் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். மணப்பெண்ணை மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தாள். கூறிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கடக்கென்று கடித்தாள்.

பாலகுரு சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பொன்னி ஓர் உடைந்த பர்பியை எடுத்துக் குனிந்து மெட்டில்டாவிடம் நீட்டினாள். "நீ துன்னியா? மூஞ்சப் பாத்தா காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல பட்ட மாரி தெரியல."

தன் மேஜையிலிருந்து மெட்டில்டா தின்ற முதல் துண்டு அதுதான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.

வாசலில் ரிக்‌ஷாக்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய், வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்ல வேண்டும். பொன்னி அதற்குள் வாசலுக்கே போய்விட்டாள், "வாங்க, வாங்க" என்ற அவள் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. மெட்டில்டா மேஜைக்காலில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள்.