திங்கட்கிழமைப் பிரெஞ்சுப் படங்கள்

கலியாணம் பேசி முடித்து மூன்று மாதமாகியும் சுதாஜினிக்கும் அஜந்தனுக்கும் தொலைபேசியில் கதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் பரந்தன் சந்தியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவன் பளைப் பெடியன். பன்னிரண்டு வருடமாகப் பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையல் குசினியில் நிற்கிறவன். நேரில் இருவரும் கண்டதில்லை.

"சாப்பிட்டாச்சே?" என்று கேட்பான்.

"ஓம். நீங்கள்?"

"ஓம். அங்க மழையோ?"

"ஓம். அங்க குளிரோ?"

"ஓம், குளிர்தான்."

அதோடு கதை முடிந்துவிடும். இரண்டு பேரும் மற்றவர் மூச்சுவிடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வைக்கட்டே?" என்பார்கள். யார் முதலில் சொன்னாலும் மற்றவருக்கு நிம்மதியாக இருக்கும். வைத்த பிறகு சுதாஜினிக்குப் பயம் பிடிக்கும். இப்படி ஒரு மனிதரோடு எத்தனை வருடம் மழையையும் குளிரையும் பற்றியே கதைப்பது?

போகமுன் பாஷை கொஞ்சம் பழகினால் நல்லது என்று சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். அங்கே படிப்பித்த கமலாட்சி ரீச்சர் ஒரு நாள், "வினைச்சொல்லைப் பாடமாக்கினால் காது திறக்காது. படம் பாருங்கோ," என்று பென்டிரைவ் ஒன்றில் சில பிரெஞ்சுப் படங்களைப் போட்டுத் தந்தா. வகுப்பில் மற்றவர்கள் அதை மறந்தே போனார்கள். சுதாஜினி அன்று பின்னேரமே பார்க்கத் தொடங்கினாள்.

முதல் படம் ஒரு கடற்கரைப் பட்டினத்து நீச்சல் தடாகக் காவலாளியைப் பற்றியது. அவருக்கு நீந்தத் தெரியாது. அதை ஊருக்கு மறைத்துக்கொண்டே வயதாகிவிட்டார். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்து வாசித்துப் பார்த்தவள், கொஞ்ச நேரத்தில் வினைச்சொற்களைத் தேட மறந்துபோனாள். பாட்டு இல்லை, அடிதடி இல்லை. சனங்கள் மேசையைச் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள், கதைத்தார்கள். ஒருவர் சொல்லி முடித்த பிறகும் கமரா அவரை விட்டுப் போகவில்லை. சொல்லாமல் விட்டது முகத்துக்கு வரும்வரை காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பொறுமைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களின் முகங்களைக்கூட அடுத்த நாள் அவள் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

அன்றிரவு தொலைபேசியில் மழையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னாள்.

"பிரெஞ்சுப் படமோ?" என்றான் அஜந்தன். "நான் ஒண்டும் பாக்கேல்லை."

"பன்னிரண்டு வருசத்தில ஒண்டுகூடவோ?"

"தமிழ்ப்படம் வந்தால் போவம். இவையளின்ர படத்தில ஒருத்தரும் சிரிக்கமாட்டினமெண்டு பெடியள் சொல்லுவாங்கள்."

"ஆர் சொன்னது? நான் சொல்லுற படத்தைப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

திங்கட்கிழமை அவனுக்கு ஓய்வுநாள். பார்த்ததாகச் சொன்னான்.

"எவ்வளவு பாத்தனீங்கள்?"

"அந்தாள் தடாகத்துக்குப் பக்கத்தில வந்து நிக்கிற வரைக்கும்."

"அது முதலாவது காட்சியெல்லே!"

"நித்திரை வந்திட்டுது, சுதா. கோவிக்காதையும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவன் தன்னைச் சுதா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். நாள் முழுவதும் காலில் நிற்கிற ஆளுக்கு எந்தப் படம் ஒத்துவரும் என்று இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் கதைபேச்சு இல்லை. ஆனால் தகப்பன் விட்டுப்போன உழவு மெசின் ஒன்றுதான். ஆளுக்கொரு நாள் என்று மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஒருவன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போவான். மற்றவன் வந்து திட்டிக்கொண்டே முன்னுக்கு இழுப்பான்.

இந்தப் படத்தை அவளுடைய தகப்பன் பரமலிங்கமும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டிருந்து பார்த்தார். வயற்காரர். எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கியது. "ரெண்டு பேரிலயும் தம்பிதான் பிழை. எண்ணெய் அடிச்சு வைக்கிறானில்லை," என்று தீர்ப்புச் சொன்னார். தாய் விமலேஸ்வரி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதென்ன, நெடுகப் பாண் துண்டையே பிச்சுப் பிச்சுத் தின்னினம். கறி ஒண்டும் இல்லையோ?" என்று கவலைப்பட்டா.

திங்கட்கிழமை பின்னேரம், வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னரே அஜந்தன் தொலைபேசி எடுத்தான். கடையில் ஆட்கள் நின்றார்கள். "வேலை முடிய எடுங்கோ," என்று அவள் சொல்லியும் அவன் வைக்கவில்லை.

"எங்கட ஐயாவும் பெரியப்பாவும் இப்பிடித்தான், சுதா. வேலிச் சண்டையில துடங்கினது. கதைக்கமாட்டினம். ஆனால் ஐயாவுக்குக் காய்ச்சலெண்டால் பெரியப்பான்ர மாட்டுப் பால் எங்கட வீட்டு வாசலில இருக்கும். ஆர் வைச்சதெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டம்."

வாடிக்கையாளர் ஒருவர் இருமிக் காட்டினார். அவள் ஒரு கையால் பனடோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். அந்த மனிதனுக்குள் இவ்வளவு கதை இருந்ததா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் ஒரு படம். அவனுக்கு மத்தியானம், அவளுக்கு மாலை; இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். படம் முடிந்ததும் எடுப்பார்கள். அவன் படத்தில் வந்த தெருக்களைத் தேடிப் போய்ப் படமெடுத்து அனுப்பினான். தான் ஒவ்வொரு நாளும் நடந்த பாலம் இவ்வளவு வடிவென்று தெரியாது என்றான்.

ஒரு படத்தில் மட்டும் பிசகிப்போயிற்று. சுதாஜினிக்கு மிகவும் பிடித்தது அது. பழைய கறுப்பு வெள்ளை. ஒரு பெண் மாலை முழுவதும் ஒரு சின்ன ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். தூரத்து நகரத்தில் ஒருவன் அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ரயில் வருகிறது. அவள் ஏறவில்லை. அவ்வளவுதான்.

"எனக்கு இது பிடிக்கேல்லை," என்றான் அஜந்தன்.

"ஏன்?"

"பிடிக்கேல்லை, அவ்வளவுதான்."

அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் மழையும் குளிரும் திரும்பி வந்தன. வேலை கூடிப்போயிற்று என்றான். சுதாஜினி தெரிந்தெடுத்து அனுப்பிய அடுத்த படத்தை அவன் பார்க்கவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க அவன் வந்து இறங்கினான். தாய்தகப்பனோடு பளையிலிருந்து பரந்தனுக்குப் பெண் வீட்டுக்கு வந்தான். விறாந்தை நிறைய மாமிமார். சுதாஜினி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். புகைப்படத்தில் கண்டதைவிட ஆள் மெலிவு, காது கொஞ்சம் பெரிது. அவனும் அவளை நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் அவன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவான் என்று காத்திருந்தார்கள்.

"அந்தப் பொம்பிளை ஏன் ரயில் ஏறேல்லை?" என்றான் அவன்.

"எந்தப் பொம்பிளை?" என்று ஒரு மாமி பக்கத்திலிருந்தவவிடம் கேட்டா.

சுதாஜினி தட்டத்தை மேசையில் வைத்தாள். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"அவவுக்குப் போக விருப்பமில்லை. அங்க ஒருத்தன் பாத்துக்கொண்டு நிக்கிறான், அதைப் பற்றி அவவுக்கு ஒண்டுமில்லை. அந்தப் படம்தான் உமக்கு நல்லாப் பிடிச்சதெண்டு சொன்னீர்."

அவன் இரண்டு கிழமை எதைச் சுமந்துகொண்டு திரிந்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அவவுக்கு ரிக்கற் எடுத்துக் குடுத்தது அண்ணன். பெட்டி அடுக்கினது அம்மா. போ எண்டு ஊரே சொன்னது. ஸ்டேசனிலதான் முதல் முதல் தனிய இருந்து யோசிக்கிறா. அடுத்த நாள் தானாவே ரிக்கற் எடுத்துப் போவா."

"படத்தில அடுத்த நாள் இல்லையே."

"இல்லை. அதை நான் போட்டுக்கொண்டன்."

"அப்ப நீர்?"

"நான் யோசிச்சு முடிச்சிட்டன். வருவன்," என்றாள் சுதாஜினி. மாமிமார் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தாலும் நிறுத்தவில்லை. "ஆனால் வீட்டுக்குள்ள பூட்டி வைச்ச மாதிரி இருக்கமாட்டன். படிச்சு வேலைக்குப் போவன். திங்கட்கிழமையில தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போகோணும்."

"நான் நித்திரை கொண்டால்?"

"எழுப்புவன்."

அஜந்தன் சிரித்தான். குரலில் மட்டும் கேட்டிருந்த அந்தச் சிரிப்பு முகத்தில் எப்படி வருகிறதென்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவே சண்டையோ?" என்றா பளை மாமி, அஜந்தனின் தாய்.

"சண்டையில்லை, அது படம்," என்றா விமலேஸ்வரி, எல்லாம் தெரிந்தவ போல.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், வீடு நிறையச் சொந்தக்காரர். வீடியோக்காரர் கலியாணப் படத்தைக் காட்டக் கொண்டுவந்த ப்ரொஜெக்டர் சும்மா கிடந்தது. அஜந்தன் தன் மடிக்கணினியை அதில் கொழுவினான். "இது நான் தெரிஞ்செடுத்தது. நீர் பாத்திருக்கமாட்டீர்," என்றான். ஒரு சமையற்காரன் கலியாணக் கேக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற கதை. மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம்.

சுவரில் படம் தொடங்கியது. "என்னவாம், தம்பி, என்னவாம்?" என்று நாலு பக்கமும் கேட்டார்கள். அஜந்தன் எழும்பி நின்று சொல்லத் தொடங்கினான். முதலில் மெதுவாகத்தான் சொன்னான். பிறகு சமையற்காரனுக்கு ஒரு குரல், வழியில் மறித்த பொலிஸ்காரனுக்கு ஒரு குரல் என்று பளைத் தமிழில் வெளுத்து வாங்கினான். "டேய், உந்தக் கேக்குக்கு லைசென்ஸ் இருக்கோ?" என்று பொலிஸ்காரன் கேட்டபோது பரமலிங்கம் கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிரெஞ்சில் அந்தப் பொலிஸ்காரன் அப்படிக் கேட்கவே இல்லை என்று சுதாஜினிக்குத் தெரியும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

"அந்தக் கேக்கில முட்டை போட்டதோ எண்டு கேளும், தம்பி," என்றா விமலேஸ்வரி.

"கேக்கிறன், மாமி," என்றான் அஜந்தன், சுவரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தவன் பக்கம் திரும்பி.