கொலைகாரன் பிடிபட்ட பிறகு

“டிரைவர்தான் கொன்னான்னு நான் முதல்லேயே...”

“வாயை மூடுடி. உன் வீட்டு டிவி கொஞ்சம் முந்தி ஓடுது, சொல்லிக் கெடுத்துடாதே.”

அம்மாவின் வீட்டை விற்றதில் வந்த சண்டைக்குப் பிறகு, அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது இந்தத் துப்பறியும் தொடரைப் பற்றி மட்டும்தான். வாராவாரம் போனை ஸ்பீக்கரில் போட்டு, அவரவர் வீட்டிலிருந்து பார்த்தபடியே அடித்துக்கொள்வார்கள்.

இன்று கடைசிப் பகுதி. கொன்றது டாக்டர்தான்; பிடிபட்டார். டிரைவர் ஏன் பொய் சொன்னான் என்பதுவரை புட்டுப் புட்டு வைத்துவிட்டார்கள்.

“குறை சொல்ல ஒண்ணுமில்லக்கா. நல்லா முடிச்சுட்டான்.”

பெயர்கள் ஓடி முடிந்தும் அக்கா டிவியை அணைக்கவில்லை. கதையில் ஒரு ஓட்டையாவது விட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் சண்டை ஓடியிருக்கும்.

“சரிக்கா, வச்சிடுறேன்.”

“இருடி. அந்த டிரைவர் எதுக்குப் பொய் சொன்னான்? எனக்குப் புரியவே இல்ல.”