பதிவேடு பதில் சொல்லாதபோது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என் தங்கைக்காக. கொஞ்சம் அவள் மேலும்தான்.

அவள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் சோதனையாளர். மருந்து கொடுக்கும் முன், நோயாளிக்கு அது ஆகுமா என்று அவர்களுடைய நிரல் ஒவ்வாமைப் பதிவேட்டைக் கேட்கும். சோதனையில் நிஜப் பதிவேட்டைத் தொடமாட்டார்கள். அதன் இடத்தில் ‘மாக்’ என்றொரு போலியை நிறுத்துவார்கள். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. எழுதிவைத்த பதிலை அப்படியே ஒப்பிக்கும்.

2

‘பதிவேடு பதில் சொல்லாதபோது மருந்தை நிறுத்த வேண்டும்’ என்று தலைப்பிட்டு ஒரு சோதனை எழுதினாள். அவள் எழுதிவைத்தபடி போலி வெறுமையைத் திருப்பித் தந்தது. நிரல் அதை ‘ஒவ்வாமை இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. திரையில் சிவப்பு: சோதனை தோல்வி.

மறுநாள் மென்பொருள் வெளியீடு. டீம் லீடர்* எல்லார் முன்னாலும் வழி சொன்னார்: “போலி ‘ஒவ்வாமை உண்டு’ன்னு சொல்லட்டும்மா. மருந்து நின்னுடும், பச்சை ஆயிடும்.”

அவள் மாற்றினாள். பச்சை ஆயிற்று. தலைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் வாரம் நிஜப் பதிவேடு படுத்துவிட்டது. நிரல் அந்த வெறுமையையும் ‘ஒவ்வாமை இல்லை’ என்றே எடுத்துக்கொண்டது. ஒரு பேருந்து ஓட்டுநருக்கு ஆகாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். தொண்டையில் குழாய் செருகிக் காப்பாற்றினார்கள். இன்னும் பேச்சு வரவில்லை.

விசாரணை அறிக்கை ‘சோதனையாளரின் கவனக்குறைவு’ என்கிறது. நாளை பத்து மணிக்குக் கூட்டம். அறிக்கையில் அவள் கையெழுத்துப் போட்டால் பழி மொத்தமும் அவள் தலையில்.

(*அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பச்சை விளக்கு’. கூப்பிட்டால் சிரிப்பார்.)

3

முடிவை முதலில் இப்படி எழுதினேன்:

‘பச்சை விளக்கு தலைகுனிந்து, “நான்தான் சொன்னேன்” என்றார். அவர் கண்களில்—’

கண்களில் ஒரு மண்ணும் இல்லை. அடித்துவிட்டேன்.

‘“எனக்கு ஞாபகமே இல்லையேம்மா” என்று அவர்—’

வில்லனாக்கித் திட்டித் தீர்ப்பது அதைவிடச் சுலபம். இதையும் அடித்தேன்.

தங்கை இரண்டையும் படித்தாள். “நீயும் அதே வேலையத்தான்ணா பண்ற. உனக்கு வேண்டிய பதிலை அவர் வாயில வச்சுட்டு, கதை பாஸ்ங்கற.”

சுருக்கென்றது. மாற்றியது உன் கைதானே, அன்றைக்கே முடியாது என்று சொல்ல என்ன கேடு என்று கத்திவிட்டேன்.

“என் கைதான். அதையும் சொல்லப்போறேன்” என்றாள்.

4

ஆகவே அவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

மணி பத்து. தன் கை செய்ததை அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். பிறகு, “யார் சொல்லி மாத்தினேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள். அவர் மடிக்கணினியை மூடுகிறார், திறக்கிறார். மேசையைச் சுற்றி எட்டுப் பேர் தங்கள் நகங்களைப் பார்க்கிறார்கள்.

ஒன்பதாவது நாற்காலியில் நீங்கள். அன்று அவருக்கு அடுத்த இருக்கையில் இருந்தீர்கள். அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

உங்களுக்கும் நான் எதையும் எழுதிவைக்கவில்லை. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.