மெஷினை அணைத்தால் போய்விடும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்பதுகூட என்மேல் அபாண்டம்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

நான் வசனம் எழுதிய ஒரு குறும்படத்தின் காட்சிகள் எடிட்டரின் லினக்ஸ் கணினியில் இறங்கிக்கொண்டிருந்தன. அதாவது, இறங்காமல் நின்றன. சின்னப் படங்கள் வந்தன. பெரிய ஃபைல் மட்டும் தொடங்கியதுமே நின்றது, ஏன் என்றும் சொல்லவில்லை. எடிட்டர் வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவர். அக்காவின் கணவர், அதாவது அத்தான், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது தான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றும், அதிலிருந்து அக்காவோடு பேச்சே இல்லை என்றும் போன் மணி அடிக்கும்போதே எடிட்டர் என்னிடம் சொன்னார்.

2

நடந்தது இவ்வளவுதான்:

"சின்ன ஃபைல் வருதா?"

"வருதுக்கா."

"விபிஎன் போட்டிருக்கியா?"

"ஆமா."

"அதான். எல்லாம் துண்டு துண்டாத்தான் வரும், விபிஎன் வழி கொஞ்சம் குறுகல். துண்டு பெருசா இருந்தா வழியில விழுந்துடும், விழுந்துச்சுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. துண்டோட அளவைக் குறை. நான் சொல்ற வரியை அப்படியே அடி."

அடித்தார்.

"வந்துடுச்சுக்கா."

"சரி."

போனை வைத்துவிட்டார்கள். அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை.

3

அதனால் கதையில் பேச்சு கொஞ்சம் நீளட்டும் என்று அக்காவைக் கொஞ்சம் மந்தமாக்கினேன். [முதல் வரைவு: "அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர்..." நீக்கிவிட்டேன். அந்த அம்மாள் வேலையில் புலி.] சரி, தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கட்டும்.

"ரவுட்டரை அணைச்சுப் போடு. வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்."

"சரிக்கா."

"பாப்பா நடக்குறாளா?"

"ஓடுறா. ஒரு இடத்துல நிக்கிறதில்ல."

"உன்ன மாதிரி."

எடிட்டர் சிரித்தார். ரவுட்டர் விளக்கையே பார்த்தார். "அக்கா, அத்தான்..." என்று

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் என் குரல்தான் கேட்கிறது.)

4

பிறகொரு நாள் காலையில் போனேன். எடிட்டர் கணினியைப் போட்டதும், திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அதே வரியை அடித்தார்.

"தினமுமா அடிக்கிறீங்க?"

"மெஷினை அணைச்சா போயிடுதுங்க. நிலையா நிக்கிற மாதிரி சொல்லித்தர அக்கா மறந்துட்டா போல. சும்மா சும்மா அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு எழுதி ஒட்டிட்டேன்."

மறந்தாரா? கேள்வி முடியுமுன் பதில் சொன்னவரா? என்னால் நம்ப முடியவில்லை. அந்த வரி அணைத்தால் அழியும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் ஃபைல் நிற்கும், தம்பி மறுபடி கூப்பிடுவான் என்றும் தெரியும். ஒவ்வொரு காலையும் அவர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

இதை எடிட்டரிடம் நான் சொல்லவில்லை. என் ஊகம் தப்பென்றால் எந்த முகத்தோடு நிற்பேன்?

5

கதையில் அந்தச் சீட்டைக் கிழிக்க எனக்கு ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன். கிழிந்த சீட்டைக் குப்பையில் தேடினார், கிடைக்கவில்லை, போனை எடுத்தார். படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் இத்தனை நாள் அடித்த வரி அவருக்கு மனப்பாடமாகியிருந்தால்? அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எடிட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார். அறையில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். சீட்டு லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது.