மேட்டுக்கு அந்தப் பக்கம்

காலை ஆறரைக்கும் பனி ஓடுபாதையை விட்டு எழுந்திருக்கவில்லை. முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடந்தது. அவள் எரிபொருள் பம்பின் குழாயைச் சுருட்டி மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் செருகியிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். சனிக்கிழமை. அண்ணன் பறந்து வரும் நாள்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சின்ன விமானத்தளம். இங்கே யாரும் யாருக்கும் அனுமதி தருவதில்லை. வருகிறவர், தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று ஒரே அலைவரிசையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வார். கிளம்புகிறவரும் அப்படியே. கேட்டவர் ஒதுங்கிக்கொள்வார். சத்தமே இல்லையென்றால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஓடுபாதை நடுவில் மேடு தட்டியிருந்தது. ஒரு முனையில் நிற்பவருக்கு மறு முனை தெரியாது. மேட்டின் ஓரத்தில் பம்பு. இரண்டு முனையும் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் புல் வெட்டும் டிராக்டரில் ஓடுபாதையைக் கடந்துகொண்டிருந்தாள். கடக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கடந்தாள். அண்ணன் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை, இறங்கினான். சக்கரம் அவள் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் போனது. அன்று மாலை நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதிவைத்தாள். அவன் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். "கூடப் பொறந்தவளே போட்டுக் குடுத்துட்டா" என்றான் ஊரெல்லாம். பேச்சு நின்றது. இடையில் மாட்டிக்கொண்டவள் அண்ணி. "அவர்கிட்ட சொல்லுங்கன்னு நீ சொல்ற. அவகிட்ட சொல்லுன்னு அவர் சொல்றார். நான் என்ன தபால் பெட்டியா?"

உரிமம் திரும்பி வந்த பிறகு அண்ணன் வாய் மூடவில்லை. "இப்ப திரும்பறேன். இப்ப இறங்கறேன். எல்லாரும் நல்லா கேட்டுக்கிட்டீங்களா? யாராவது எழுதிக்கணும்னா எழுதிக்கலாம்." மற்ற விமானிகள் அவனுக்கு வானொலி நிலையம் என்று பெயர் வைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் பம்பில் இருப்பவள் சொல்வாள். அவன் கேட்கமாட்டான். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பையைப் பார்ப்பதற்காக வானத்தில் ஒரு சுற்று வீணாகச் சுற்றுவான். அந்தக் குத்தல் யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சனிக்கிழமைகளில் காது அவள் சொல் பேச்சு கேட்காது. எல்லோருக்கும் என்று அவன் சொல்கிறபோது அதில் அவளும் உண்டுதானே.

இன்று காற்றே இல்லை. காற்றுப்பை துவைத்துப் போட்ட சட்டைக் கை மாதிரி தொங்கியது. எந்த முனையிலும் இறங்கலாம், எந்த முனையிலிருந்தும் கிளம்பலாம்.

கால் மணி நேரத்துக்கு முன்னால் ஒரு நீல விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. வெளியூர்க்காரர். "அலைவரிசை நம்பரைப் போன மாசம் மாத்திட்டாங்க. பலகைல இருக்கு" என்றாள். அவர் வரைபடத்தை மடித்துக்கொண்டே, "சரிக்கா, பாத்துக்கறேன்" என்றார். பலகையின் பக்கம் திரும்பினாரா என்று அவள் கவனிக்கவில்லை. அவர் மேற்கு முனைக்கு ஊர்ந்து போனார்.

ரேடியோ கரகரத்தது. "கடைசித் திருப்பம் முடிஞ்சுது. கிழக்கு முனைல இறங்கறேன். ஆட்சேபணை இருக்கறவங்க பதிவேட்டுல எழுதலாம்."

கிழக்கே பனிக்கு மேல் ஒற்றை விளக்கு மிதந்தது. அவள் மேற்கே பார்த்தாள். நீல விமானம் ஓடுபாதைக்குள் திரும்பி நின்றது. சொல்லுவார் என்று காத்திருந்தாள். ரேடியோவில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்குள் அவர் கை வாயருகே போவது போல இருந்தது. அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பழைய நம்பரில், யாருமே இல்லாத இடத்தில், ஒழுங்காக, முறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பதில் வராததால் வானம் காலி என்று நம்புகிறார்.

நீலம் நகர ஆரம்பித்தது.

இரண்டும் மெதுவாக வருவது போலத்தான் இருந்தது. தண்ணீருக்கடியில் பார்ப்பது போல. ஒரு பக்கம் விளக்கு தணிந்துகொண்டே வந்தது, மறு பக்கம் நீலம் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது, நடுவில் மேடு ஒன்றும் தெரியாதது போலப் படுத்திருந்தது. பம்பின் சுவரில் ஒட்டிய தாளில், தகவல் மட்டுமே சொல்லலாம், உத்தரவு இடக் கூடாது என்று இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"கிழக்கு முனைல இறங்கற விமானத்துக்கு ஒரு தகவல். மேற்கு முனைல இருந்து ஒண்ணு எதிர்ல ஓடி வருது. அவருக்கு ரேடியோ கேக்கல."

பதில் இல்லை. விளக்கு தணிந்தது.

கேட்கவில்லையா? கேட்டும் பேசாமலிருக்கிறானா? அவள் குரல் வந்ததுமே சத்தத்தைக் குறைத்துவிட்டானா? இரண்டு வருடமாக அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழகியவன். அந்தப் பழக்கத்தோடுதான் இப்போதும் இறங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணா" என்றாள். அந்தச் சொல் தொண்டையில் துருப்பிடித்துப்போயிருந்தது. "அண்ணா, இறங்காத. ஏறு. வலது பக்கம் ஒதுங்கி ஏறு. அண்ணா, ஏறுண்ணா!"

இயந்திரம் வீறிட்டது. விளக்கு அண்ணாந்தது. வெள்ளை வயிறு தெரிய, அவன் விமானம் வலது பக்கமாகச் சாய்ந்து அவள் தலைக்கு மேலே ஏறியது. அதே நேரம் மேட்டின் உச்சியில் நீலம் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு கட்டலாம், அவ்வளவுதான் இடம். நீல விமானத்துக்காரர் நேராக முன்னால் பார்த்தபடி போனார். தலையைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அது ஒரு புள்ளியானது. பிறகு புள்ளியும் இல்லை.

அவள் பம்பின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "இறங்கறேன்" என்றான். ஒரே சொல். வால் எதுவும் ஒட்டவில்லை. சக்கரம் பனிக்குள் புதைந்தது. விமானம் மேட்டில் ஏறி, அவளைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கிப் புல்லோரமாய் நின்றது. மூக்கிலிருந்த சுழலி கடைசி இரண்டு சுற்றுகளை எண்ணி எண்ணிச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை.

ரேடியோவில் மெல்லிய இரைச்சல் வந்தது. யாரோ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் வந்தது, உள்ளே போய் வெளியே வந்து, சீராக இல்லாமல்.

ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் வேறு யாரும் பேச முடியாது. விடச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் அழுத்தியிருக்கும்வரை அவனுக்கும் எதுவும் கேட்காது. அவள் வானத்தை ஒரு முறை நாலாபுறமும் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை. ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு புல்லோரமாக நடக்க ஆரம்பித்தாள். பனி அவள் முழங்காலுக்கு முன்னால் விலகி, பின்னால் மூடிக்கொண்டது. காதில் அந்த மூச்சு வந்துகொண்டே இருந்தது.