கிழங்கு மாவு

மரவள்ளிக் கிழங்கைப் பற்றித் தனபாலுக்குத் தெரியாதது எதுவுமில்லை. மலைமேல் எடப்புளி நாட்டு ஊர்களில் யாரும் அப்படிச் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். முப்பது வருடமாகக் கீழே ஜவ்வரிசி மில்லுக்கு லோடு அனுப்புகிறவர் ஆயிற்றே.

மகன் இளங்கோ கட்டிக்கொண்டு வந்த யமுனாவுக்குக் கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எங்க மலையில கோதுமைய யாருங்க திங்கறா?" என்று சம்பந்தியிடம் அளந்துவிட்டு வந்திருந்தார் தனபால்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அவரே வாழைப்பழ போண்டா சுட்டார். யமுனா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இது என்ன மாவுங்க மாமா?"

"கிழங்கு மாவு கண்ணு. பயப்படாம சாப்புடு."

நம்பி நான்கு சாப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. என்னவென்று கேட்க வந்த பக்கத்துத் தோட்டத்து அர்த்தனாரியிடம், "டவுன்ல வளந்த புள்ள. நாலு போண்டா தாங்கல" என்று தனபால் சிரித்தார். உள்ளே யமுனாவுக்கு அது கேட்டது.

மறுநாள் காலையில் முகம் வெளுத்து வந்து நின்றாள். "மன்னிச்சுக்குங்க மாமா. கிழங்கும் எனக்கு ஆகாது போலிருக்குங்க. இனி அதையும் விட்டர்றேன்."

தன் கிழங்கையே குற்றம் சொல்கிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென அடுப்படிக்குப் போய் மாவுப் பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். மைதா. கீழே பொடி எழுத்தில், சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு.

அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் மைதாவுக்குக் கிழங்கு மாவு என்றுதான் பெயர். கிழங்கை அரைத்துத்தான் மைதா வருகிறது என்று ஊரே நம்பியது. அவரும் ஒருநாள்கூடப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டால் யாருக்கும் தெரியாது. பழி கிழங்கோடு போய்விடும். கையைக்கூட நீட்டிவிட்டார்.

அப்போது யமுனா போனில் பேசுவது கேட்டது. "மாமா மேல தப்பில்லம்மா. அவங்க பாத்துப் பாத்துத்தான் செஞ்சாங்க. எம்பட ஒடம்புதான் சரியில்ல."

தனபாலுக்கு உடம்பெல்லாம் கூசியது. நேற்றுச் சிரித்த சிரிப்பை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே போய், மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த அர்த்தனாரியையும் கூப்பிட்டு வந்தார். யார் முன்னால் சிரித்தாரோ அவன் முன்னாலேயே பாக்கெட்டை மருமகளிடம் நீட்டினார்.

"கிழங்கு ஒன்னும் பண்ணல கண்ணு. கோதுமையத்தான் கிழங்குன்னு சொல்லி உனக்குக் குடுத்துட்டேன். உன் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் கிழங்கு எது, கோதுமை எதுன்னு தெரியல."

யமுனா பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள்.

"அப்போ நான் கிழங்கு சாப்புடலாமுங்களா மாமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

தனபாலால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை.