பொனட்டில் வைத்த கை

ஒரு எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெற்றோல், காற்று, தீப்பொறி. ஒன்று குறைந்தாலும் நிற்கும். மூன்றும் இருந்தால் ஓடியே ஆகவேண்டும். என் கணவர் ஜெனிஸ்டன் எனக்கு வண்டி பழக்கிய முதல் நாளே சொன்ன பாடம் இது.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் நேரத்தில், ஜம்பட்டா வீதியில், மூன்றும் இருந்தும் அவருடைய வண்டி நின்றது. பெற்றோல் மீற்றர் வேலை செய்யாததால் கிளறன்ஸ் என்ற மெக்கானிக் டிக்கியைத் திறந்து, டேங்க் மூடியைத் திருகி எட்டிப் பார்த்துவிட்டு, "வாய் வரைக்கும் நிரம்பிக் கிடக்கு" என்றான். காற்று வடிகட்டி புதியது. பிளக்கைக் கழற்றிச் சோதித்தான். பொறி நீலமாகத் தெறித்தது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, என்னைக் கண்ணில் காட்டக்கூடாத ஒரு மனிதர் முன்னால் வந்து பொனட்டில் உள்ளங்கையை வைத்து, "எழும்பு மகனே ஜெனி" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னால் மோட்டார் சைக்கிள்களில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அல்ல.

பொனட்டில் கை வைத்தவர் சவுந்தரநாயகம். கொட்டாஞ்சேனையில் ரயர்க் கடை வைத்திருப்பவர், ஜெனிஸ்டன் ரசிகர் வட்டத்தின் தலைவர். ஜெனிஸ்டனும் கொட்டாஞ்சேனைதான். எந்த ஊரில் கார்ப் பந்தயம் நடந்தாலும் இவர்கள் பஸ் பிடித்துப் போய், மரத்திலும் மதிலிலும் ஏறி நின்று அவர் பெயரைக் கத்துவார்கள். ஐந்து வருடங்களுக்கு முன்பு, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பந்தயத்தில், அவருடைய கார் வளைவில் வழுக்கி மதிலோடு மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

சவப்பெட்டிக்கு மேல் ரசிகர் வட்டத்தின் கொடியைப் போர்த்த வந்தார்கள். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். "மழைக்குள்ளயும் மிதி, மிதியெண்டு கத்தினது நீங்கள்தானே" என்று கேட்டேன். அதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை. அவர்களிடம் வேறு கதை இருந்தது. பந்தயத்துக்குச் சற்று முன்னர் நான் போனில் சண்டை பிடித்தேனாம். மனம் குழம்பித்தான் அவர் வளைவைத் தவறவிட்டாராம். போன் எடுத்தது உண்மை. சமையல் காஸ் முடிந்துவிட்டது, வரும்போது ஒரு சிலிண்டர் கொண்டுவாங்கோ என்றேன். ஓம் என்றார். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

இப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தது அவர் உயிரைக் கொண்டுபோன கார் அல்ல. இது அவருடைய முதல் கார், பழைய, வெள்ளை நிற, பெட்டி வடிவ லான்சர். இதில்தான் அவர் பழகினார். எப்போதும் நெரியும் காலி வீதி ஞாயிறு விடியலில் வெறிச்சோடிக் கிடக்கும்போது இதில்தான் எனக்கும் பழக்கினார். செத்தவீட்டுக்குப் பிறகு இது கிளறன்ஸின் கொட்டகைக்குள் நின்றது. அதற்கென்று அவர்கள் ஒரு சடங்கே உண்டாக்கியிருந்தார்கள். ஜெனிஸ்டனுடைய நிறம் மஞ்சள். அதனால் ஒவ்வொரு நினைவுநாளுக்கும் முதல் நாள் கிளறன்ஸ் வண்டியின் மஞ்சள் பாகங்கள் எல்லாவற்றுக்கும் புதுப் பெயின்ற் அடிப்பான். சில்லு வளையங்கள், கண்ணாடிக் கூடுகள், கதவிலுள்ள இலக்கம், பந்தயத்துக்காக டிக்கிக்குள் வைத்த டேங்கின் மூடி வரைக்கும். பழைய பூச்சைச் சுரண்டுவது பாவமாம். மேலுக்கு மேல்தான் பூச்சு. மறுநாள் பூசை முடிந்ததும் ஒரு சோடாப் போத்தல் பெற்றோலை ஊற்றி, எஞ்சினை உறுமவிட்டு, அந்த உறுமலுக்கு மேலாக அவர் பெயரைக் கத்திவிட்டு அணைத்துவிடுவார்கள். நான் ஒருநாளும் போனதில்லை. பேஸ்புக்கில் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

இந்த வருடம் போனேன். காரணம், கொட்டகை இருக்கும் ஒழுங்கையின் முனையில் அவர்கள் சீமெந்து மேடை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"எஞ்சினைக் கழட்டிப் போட்டு, நாலு சில்லையும் சீமெந்துல இறுக்கப்போறம்," என்றார் சவுந்தரநாயகம். "சனம் பாத்துக் கும்பிடட்டும்."

"அது ஓடுற வண்டி, அண்ணை."

"ஓட்டினவன் இல்லையே, தங்கச்சி."

"நான் இருக்கிறன். பதிவு என்ர பேரில. வெள்ளவத்தையில என்ர வீட்டுக்குக் கொண்டுபோறன்."

கொட்டகை முழுவதும் சிரித்தது. "வெள்ளவத்தை நோனா ரேஸ் கார்ல மீன் வாங்கப் போறாவாம்" என்றது ஒரு குரல்; நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி. "ஏசி இல்ல நோனா, பவுடர் கரைஞ்சிரும்" என்றது இன்னொன்று.

சவுந்தரநாயகம் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். "சரி. உன்ர வீட்டு வாசல் வரைக்கும் நீயே ஓட்டிக்கொண்டு போ. போய்ச் சேந்தா வண்டி உனக்கு. நடு றோட்டில படுத்துதெண்டா நாங்க கட்டி இழுத்துக்கொண்டு வருவம். அதோட நீ இந்த ஒழுங்கைப் பக்கம் தலை காட்டப்படாது."

பொலிசுக்குப் போயிருக்கலாம். போனால் ஜெனியின் வண்டியைப் பொலிசை வைத்துப் பறித்தவள் என்ற பெயர் மிஞ்சும். அதைவிட, இவர்களுக்கு முன்னால் இதை ஓட்டிக்கொண்டு வெளியேறவேண்டும் என்ற கோபம் எனக்குள் இருந்தது. "ஓம்" என்றேன். வழியில் பெற்றோல் போதவில்லை என்று நான் சாட்டுச் சொல்லக்கூடாது என்பதற்காக, டேங்கை விளிம்புவரை நிரப்பச் சொன்னார் சவுந்தரநாயகம்.

அப்படிப் புறப்பட்ட வண்டிதான் ஜம்பட்டா வீதியில் நின்றது. அவர் கை வைத்ததும் எழும்பியது. அங்கிருந்து செட்டியார் தெருவுக்குள் திரும்பி, நகைக்கடைகளைத் தாண்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் விக்கியது. அக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் பலவீனமாக இழுத்து, அப்படியே ஓய்ந்துபோனது. பின்னால் நின்ற பஸ் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை.

ரசிகர் வட்டத்தோடு பின்னால் த்ரீவீல் ஓட்டிவந்த வேலுசாமி என் ஜன்னலுக்குள் தலையை விட்டான். அவன் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கிராண்ட்பாஸில் குடியிருப்பவன். "அஞ்சு வருசமா ஸ்டார்ட் பண்ணுனப்பல்லாம் நிக்காத வண்டிங்க இது. நீங்க குந்துன உடனே நிக்குது. ஜெனி அண்ணனுக்கே புடிக்கலங்க, எறங்கிருங்க."

"தலையை எடு," என்றேன். "கண்ணாடியை ஏத்தப்போறன்."

இம்முறை யாரும் பொனட்டைத் திறக்கவில்லை. எங்காவது பெற்றோல் ஒழுகுகிறதா என்று பார்க்க கிளறன்ஸ் டிக்கிப் பக்கம் போனான். "மூடி என்ன இப்பிடி இறுகிப்போச்சு" என்று அவன் முனகியது பஸ் ஹோர்னுக்கு நடுவே கேட்டது. பிறகு, "ஒழுகேல்ல, அப்பிடியே கிடக்கு" என்று மூடிவிட்டு வந்தான். சவுந்தரநாயகம் ஊரே பார்க்க மெதுவாக நடந்து வந்து, பொனட்டில் கையை வைத்தார். "எழும்பு மகனே." நான் சாவியைத் திருப்பினேன். ஓடியது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் தடவை காலிமுகத்திடலில் நின்றது. கடலைப் பார்த்தபடி, வீதியின் ஓரத்தில் உருண்டுபோய் நின்றது. மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக வந்து அணைந்தன. சவுந்தரநாயகம் இறங்கி வந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

"கை வைக்கேல்லையோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் வைச்சது போதும். உனக்கு வண்டி தரட்டோ எண்டு ரெண்டு தரமும் அவனைக் கேட்டுப் பாத்தன். அவன் வேண்டாமெண்டுறான்." பின்னால் திரும்பினார். "கிளறன்ஸ், கயிறை எடு. ஒருத்தரும் வண்டியைத் தொடப்படாது."

தூரத்தில் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் விசிலடித்துக்கொண்டு வந்தார். "நோனா, மே வாகனே அயின் கரண்ட!" அப்புறப்படுத்தச் சொல்கிறார். "பொட்டக் இன்ன, சேர்" என்று பொறுக்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். பிடிக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை வேலுசாமி ஏற்கெனவே தன் த்ரீவீலில் கட்டத் தொடங்கியிருந்தான்.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி. நோயாளி ஒருவர் திடீரென்று தேறினால், எந்த மருந்து வேலை செய்தது என்று உடனே முடிவு கட்டமாட்டோம். அந்த நேரத்தில் வேறு என்னென்ன கொடுத்தோம் என்று பார்ப்போம். கையை வைத்து எஞ்சின் ஓடாது. அப்படியானால் கை வைத்த இரண்டு தடவையும் வேறென்ன நடந்தது? முதல் தடவை பிளக்கைக் கழற்றினார்கள், வடிகட்டியைப் பார்த்தார்கள், டேங்க் மூடியைத் திறந்தார்கள். இரண்டாம் தடவை பொனட் திறக்கவேயில்லை. திறந்தது டேங்க் மூடி மட்டும். இப்போது ஒன்றும் திறக்கவில்லை, வண்டியும் ஓடவில்லை.

இறங்கிப் பின்னால் போனேன்.

"எங்க போறா?" என்றது ஒரு குரல். "தள்ளப்போறாபோல. தள்ளு நோனா, தள்ளு!"

டிக்கியைத் திறந்து மூடியைத் திருகினேன். யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் அது இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகினேன். அசைந்த கணத்தில் ஒரு சத்தம்: ஸ்ஸ்ஸ். வெளியே வரும் சத்தம் அல்ல. காற்று உள்ளே போகும் சத்தம்.

எங்கள் வார்டில் சில மருந்துகள் கண்ணாடிப் போத்தலில் வரும். பிளாஸ்ரிக் பை என்றால் மருந்து இறங்க இறங்கச் சுருங்கிக் கொடுக்கும். கண்ணாடி சுருங்காது. எவ்வளவு மருந்து கீழே இறங்குகிறதோ அவ்வளவு காற்று உள்ளே போயாகவேண்டும். அதற்காக ஏற்றும் குழாயில் சின்னதாக ஒரு காற்று வழி வைத்திருப்பார்கள். அதைத் திறக்க மறந்தால் முதலில் நன்றாக இறங்கும்; பிறகு துளிகள் மெதுவாகும்; பிறகு ஒன்றுமே வராது. மருந்தும் இருக்கும், ஊசியும் சரியாக இருக்கும்.

மூடியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். தடித்த மஞ்சள், முட்டைக் கருவை உறையவைத்து ஊற்றியதுபோல. நடுவில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் தெரிந்தது.

"கிளறன்ஸ், இதில ஓட்டை இருக்கவேணுமெல்லோ?"

அவன் கயிற்றோடு வந்து எட்டிப் பார்த்தான். சவுந்தரநாயகத்தைப் பார்த்தான்.

"அது ஜெனியின்ர நிறம்," என்றார் சவுந்தரநாயகம். "அதில கை வைக்காதே."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பள்ளத்தில் குத்தினேன். மஞ்சள் செதில் செதிலாக உதிர்ந்தது. ஊக்கு மறுபக்கம் வந்தது. வாயை வைத்து ஊதினேன், காற்றுப் போனது. மூடியைப் பூட்டிவிட்டு வந்து இருக்கையில் ஏறினேன். சாவியைத் திருப்ப, இரண்டு இழுவையில் எஞ்சின் பிடித்தது.

சவுந்தரநாயகம் ஓடிவந்து பொனட்டில் கையை வைத்தார்.

"கையை எடுங்கோ, அண்ணை. சூடு," என்றேன். அவர் எடுக்கவில்லை. நான் கியரைப் போட்டேன். அப்போது எடுத்தார்.

பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. கொள்ளுப்பிட்டியில் சில குறைந்தன, பம்பலப்பிட்டியில் இன்னும் குறைந்தன. எங்கள் வாசலில் நான் எஞ்சினை அணைத்தபோது கிளறன்ஸ் மட்டும் எதிர்ப்பக்கத்தில் நின்றான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை.

வண்டி நின்றதன் காரணம் இதுதான். டேங்கிலிருந்து பெற்றோல் வெளியேற வெளியேற, அதே அளவு காற்று மூடியிலுள்ள துளை வழியாக உள்ளே போகவேண்டும். அந்தத் துளையை வருடா வருடம் அடித்த பெயின்ற் அடைத்துவிட்டது. ஒரு சோடாப் போத்தல் பெற்றோலில் கொஞ்ச நேரம் உறுமும்போது, காலியான டேங்கிலிருந்த காற்றே போதுமாக இருந்தது. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லாததால் சீக்கிரமே உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெற்றோலை இழுக்க முடியாமல் போனது. மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போனது, வண்டி ஓடியது. ஊக்கால் துளையைத் திறந்தேன். அதன்பிறகு வெள்ளவத்தை வரை அது நிற்கவில்லை.